ஒரே டேட்டா, மூன்று விடைகள்: 'நிதியாண்டு' எது என்பதை யார் முடிவு செய்வது?

ஏப்ரல் முதல் வாரம். ஒரு ஆன்லைன் விற்பனை நிறுவனத்தின் மீட்டிங் அறை என்று வைத்துக்கொள்வோம். மேலாளர் கேட்கும் கேள்வி ரொம்பச் சின்னது. "2023-24 நிதியாண்டில் மொத்த விற்பனை எவ்வளவு?"

டேட்டா டீமில் மூன்று பேர். மூவருக்கும் ஒரே டேட்டாபேஸ், ஒரே பில் டேபிள். ஆனால் மூவரும் மூன்று தொகையைச் சொல்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. யாருடைய கோடிலும் சிவப்பு எழுத்தில் எரர் வரவில்லை. அப்புறம் எப்படி?

மூன்று பேரும் 'நிதியாண்டு' என்ற ஒரே சொல்லுக்குத் தங்கள் தங்கள் லேப்டாப்பில் தனித்தனியாகக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். சிக்கல் அங்கேதான். இந்தக் கணக்கை டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு கஸ்டம் ஃபங்ஷனாக, ஒரே ஒரு முறை எழுதிவைத்தால் பாதி சண்டை தீரும். பல நிறுவனங்களில் அது நடப்பதில்லை. அதற்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டும் அல்ல, பழக்கமும் அனுமதியும்தான்.

மூன்று பேர், மூன்று தப்பு

முதல் அனலிஸ்ட் ஒரு குறுக்குவழி பிடித்தார். இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்கி மார்ச் 31-ல் முடிகிறது. ஆகவே பில் தேதியிலிருந்து 90 நாள் கழித்தால், ஏப்ரல் 1 என்பது ஜனவரி 1 ஆகிவிடும். அந்தத் தேதியின் ஆண்டை எடுத்தால் போதும். 2023-க்கு இது சரியாக வேலை செய்தது. ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 31, கூட்டினால் 90. ஆனால் 2024 லீப் ஆண்டு. பிப்ரவரிக்கு 29 நாள், மொத்தம் 91. அதனால் 2024 மார்ச் 31-லிருந்து 90 நாள் கழித்தால் 2023 டிசம்பர் 31 வராது, 2024 ஜனவரி 1 வரும். அந்த ஒரு நாளின் விற்பனை முழுசா அடுத்த நிதியாண்டுக்குப் போய்விட்டது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் கணக்கு முடிக்கும் கடைசி நாளில் மட்டும் தலைகாட்டும் தப்பு இது. சாதாரண டெஸ்ட்டில் சிக்கவே சிக்காது.

இரண்டாவது அனலிஸ்ட் மூன்று மாதம் கழித்தார். அது சரி. ஆனால் டேட்டாபேஸ் சர்வரில் நேரம் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே. இங்கே ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு ஒருவர் ஆர்டர் போட்டால், சர்வர் கணக்கில் அது மார்ச் 31 இரவு 8.30. நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை வந்த ஆர்டர்கள் எல்லாம் பழைய நிதியாண்டில் விழுந்துவிட்டன. வருடத்தின் தொடக்கத்திலும் இதே கதை. அங்கே ஐந்தரை மணி நேர விற்பனை போனது, இங்கே ஐந்தரை மணி நேர விற்பனை வந்தது. இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிட்டால், தப்பு இருப்பதே தெரியாது. அதுதான் இன்னும் ஆபத்து.

மூன்றாமவர் பைதானின் பாண்டாஸ் லைப்ரரியில் நிதியாண்டுக்கென்றே இருக்கும் வசதியைப் பயன்படுத்தினார். நல்ல விஷயம்தான். ஆனால் மார்ச்சில் முடியும் ஆண்டை, அது முடிகிற ஆண்டின் பெயரால் குறிப்பதுதான் பாண்டாஸின் வழக்கம். 2023 ஏப்ரலில் தொடங்குவது அதற்கு '2024'. இவர் '2023' என்று ஃபில்டர் போட்டார். கைக்கு வந்தது 2022-23-ன் விற்பனை. வருமான வரியில் 'அசெஸ்மென்ட் இயர்' என்ற சொல்லில் எத்தனை பேர் தடுமாறினார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதாக இருக்காது.

சரி, கஸ்டம் ஃபங்ஷன்னா என்ன?

எக்செலில் சம், ஆவரேஜ் இருக்கிற மாதிரி, ஒவ்வொரு டேட்டாபேஸிலும் உள்ளேயே சில ஃபங்ஷன்கள் உண்டு. கூட்டு, எண்ணு, ரவுண்ட் செய், தேதியிலிருந்து மாதத்தை எடு என்பது போல. கஸ்டம் ஃபங்ஷன் என்பது அந்தப் பட்டியலில் நிறுவனமே தன் தேவைக்குச் சேர்த்துக்கொள்ளும் புதிய பெயர்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் டேட்டாபேஸில் 'கிரியேட் ஃபங்ஷன்' என்ற கட்டளை இதற்காகவே இருக்கிறது. நிதியாண்டு ஃபங்ஷனுக்குள் நான்கே வேலைகள். பில் நேரத்தை வாங்கிக்கொள். அதை 'ஏசியா/கொல்கத்தா' நேரத்துக்கு மாற்று. மூன்று மாதம் கழித்து, வருகிற ஆண்டை எடு. '2023-24' என்ற வடிவில் திருப்பிக் கொடு. அவ்வளவுதான். ஃபங்ஷன் பெயரைத் தமிழிலேயே 'நிதியாண்டு' என்று வைத்தாலும் போஸ்ட்கிரெஸ் ஏற்றுக்கொள்ளும்.

இது புது யோசனையும் அல்ல. 1986-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் போஸ்ட்கிரெஸ் திட்டம் தொடங்கியபோதே, பயனாளர்கள் தங்கள் சொந்த டேட்டா வகைகளையும் ஃபங்ஷன்களையும் சேர்க்க முடிய வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. மேப் சம்பந்தமான வேலைக்கு உலகம் முழுக்கப் பயன்படும் போஸ்ட்ஜிஐஎஸ் 2001-ல் வந்தது இந்த வாசல் வழியாகத்தான். இரண்டு இடங்களுக்கு இடையிலான தூரம், ஒரு வட்டத்துக்குள் இருக்கும் கடைகள் என அது தருவதெல்லாம் வெளியிலிருந்து சேர்க்கப்பட்ட ஃபங்ஷன்களே.

கோடிலிருந்து எப்படிக் கூப்பிடுவது?

பல இளம் அனலிஸ்ட்டுகள் தயங்கும் இடம் இது. 'நான் எழுதுவது ஆர் அல்லது பைதான். ஃபங்ஷன் டேட்டாபேஸுக்குள் இருந்தால் எனக்கு எப்படிக் கிடைக்கும்?' என்ற சந்தேகம்.

பதில் எதிர்பார்ப்பதைவிட எளிது. ஆர் மொழியில் டிபிபிளையர் என்ற பேக்கேஜ், ஆர் கோடை எஸ்க்யூஎல் ஆக மொழிபெயர்த்து டேட்டாபேஸுக்கு அனுப்புகிறது. தனக்குத் தெரியாத ஃபங்ஷன் பெயர் வந்தால், அதை அப்படியே கைமாற்றிவிடும். 'எனக்குப் புரியவில்லை, சர்வருக்குப் புரியும்' என்கிற மனப்பான்மை. பைதானில் எஸ்க்யூஎல்அல்கெமியின் 'ஃபங்க்' என்ற ஆப்ஜெக்ட்டும் இதையே செய்கிறது. அதற்குப் பின் ஒரு புள்ளி வைத்து எந்தப் பெயரை எழுதினாலும், அது டேட்டாபேஸ் ஃபங்ஷனாக மாறிப் போகும். பாண்டாஸில் 'ரீட் எஸ்க்யூஎல்' வழியாகக் க்வெரியையே நேராக அனுப்பலாம். டேஷ்போர்டு டூல்களிலும் அதே க்வெரிதான்.

இதில் புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. லேப்டாப்பில் எழுதிய பைதான் ஃபங்ஷனின் பெயரை க்வெரிக்குள் போட்டுவிட்டு, அது ஓடும் என்று காத்திருப்பார்கள். ஓடாது. எங்கோ இருக்கும் போஸ்ட்கிரெஸ் சர்வருக்கு இந்த லேப்டாப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாது. 'அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடும்.

எஸ்க்யூலைட் இதற்கு ஒரு விதிவிலக்கு. அது தனி சர்வராக இல்லாமல் பைதான் புரோகிராமுக்குள்ளேயே ஓடுவதால், 'கிரியேட் ஃபங்ஷன்' என்ற மெத்தட் மூலம் பைதான் ஃபங்ஷனை அதற்கு அறிமுகப்படுத்தலாம். ஆனால் அந்த அறிமுகம் அந்த ஒரு கனெக்ஷனோடு முடிந்துவிடும். அடுத்த முறை திறக்கும்போது மறுபடி சொல்ல வேண்டும். பழகிப் பார்க்க அருமையான இடம். டீம் முழுவதற்கும் பொதுவான விதியை வைக்கும் இடம் அதுவல்ல.

இன்னொரு லாபமும் இருக்கிறது. டேபிளில் 1 கோடி பில் இருந்தால், அத்தனையையும் லேப்டாப்புக்கு இழுத்துவந்து நிதியாண்டு வாரியாகப் பிரிப்பது வீண் அலைச்சல். ஃபங்ஷன் டேட்டாபேஸிலேயே இருந்தால் அங்கேயே பிரித்து, அங்கேயே கூட்டி, ஆண்டுக்கு ஒரு வரி வீதம் நாலைந்து வரிகள் மட்டும் கைக்கு வரும். வாடிக்கையாளரின் பெயரும் போன் நம்பரும் யாருடைய லேப்டாப்புக்கும் போக வேண்டியதில்லை. வேகத்தைவிட இதுதான் பெரிய லாபம் என்று சொல்லலாம்.

'லாஜிக் எல்லாம் டேட்டாபேஸில் வைக்கக் கூடாது'

சாஃப்ட்வேர் நிறுவனங்களில் இந்த வாசகத்தைக் கேட்காதவர்கள் குறைவு. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. டேட்டாபேஸுக்குள் இருக்கும் ஃபங்ஷனை யார், எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு தானாகப் பதிவாகாது. டெஸ்ட் எழுதும் பழக்கம் குறைவு. ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.

கடைசிக் குறை உண்மையானது, அதற்கு மருந்து இல்லை. முதல் இரண்டும் பழக்கக் கோளாறுதான். ஃபங்ஷனை உருவாக்கும் கட்டளையை ஒரு ஃபைலில் எழுதி, மற்ற கோடு போலவே கிட்டில் போட்டு, இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே சர்வரில் ஏற்றினால் வரலாறு கிடைத்துவிடும். போஸ்ட்கிரெஸ்ஸுக்குள்ளேயே டெஸ்ட் எழுத பிஜிடேப் என்ற டூல் இருக்கிறது. 2024 மார்ச் 31, 2024 ஏப்ரல் 1 அதிகாலை 2 மணி, 2023 மார்ச் 31 என்று நாலைந்து தேதிகளைக் கொடுத்து விடையைச் சரிபார்க்க அரை மணி நேரம் போதும். மேலே சொன்ன முதல் இரண்டு தப்புகளும் அந்த அரை மணி நேரத்தில் வெளியே வந்திருக்கும்.

மூன்று லேப்டாப்பில் மூன்று விதமாக இருக்கும் லாஜிக்கைவிட, ஒரு டேட்டாபேஸில் ஒரே விதமாக இருக்கும் லாஜிக் பாதுகாப்பானது. அது தப்பாகவே இருந்தாலும், ஒரு இடத்தில் திருத்தினால் போதும்.

வேகம் குறையுமா?

குறையலாம். எல்லாவற்றையும் ஃபங்ஷன் ஆக்கிவிடுவோம் என்று இறங்குபவர்கள் மூன்று விஷயங்களை மனதில் வைக்க வேண்டும்.

ஒன்று, எஸ்க்யூஎல் சர்வரில் இப்படிப்பட்ட ஃபங்ஷன்கள் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக ஓடி, க்வெரியை இழுத்தடிப்பதாக நீண்ட காலம் கெட்ட பெயர் வாங்கியிருந்தன. 2019 பதிப்பில்தான், தகுந்த ஃபங்ஷன்களைப் பிரித்து க்வெரியோடு கலந்து ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. ஸ்பார்க்கிலும் பைதானில் எழுதிய ஃபங்ஷன் என்றால், டேட்டா ஜாவா பக்கத்திலிருந்து பைதான் பக்கத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று ஆப்டிமைசருக்கும் தெரியாது. ஸ்பார்க்கிலேயே இருக்கும் ஃபங்ஷனால் முடியும் வேலைக்குப் பைதானில் எழுதுவது தேவையில்லாத செலவு.

இரண்டு, இன்டெக்ஸ். பில் தேதிக்கு இன்டெக்ஸ் போட்டிருந்தாலும், அதைச் சுற்றி ஒரு ஃபங்ஷனை மாட்டி ஃபில்டர் செய்தால் அந்தச் சாதாரண இன்டெக்ஸ் பயன்படாது. ஃபங்ஷனின் விடைக்கே தனி இன்டெக்ஸ் போட வேண்டும். அதற்கு போஸ்ட்கிரெஸ் ஒரு உத்தரவாதம் கேட்கும்: இந்த ஃபங்ஷன் ஒரே உள்ளீட்டுக்கு என்றைக்கும் ஒரே விடைதான் தருமா? தரும் என்றால் 'இம்யூட்டபிள்' என்று முத்திரை குத்த வேண்டும். ஒரு க்வெரி ஓடி முடியும்வரை மட்டும் மாறாது என்றால் 'ஸ்டேபிள்'. எதுவுமே சொல்லாவிட்டால், எப்போது வேண்டுமானாலும் மாறும் 'வோலடைல்' என்று அதுவே எடுத்துக்கொள்ளும்.

மூன்று, அந்த உத்தரவாதத்தில் பொய் சொல்லக் கூடாது. 'இம்யூட்டபிள்' என்று சொல்லி இன்டெக்ஸ் போட்ட பிறகு ஃபங்ஷனின் உள்ளே மாற்றினால், இன்டெக்ஸில் பழைய விடைகள் அப்படியே உட்கார்ந்திருக்கும். புது ஃபங்ஷன், பழைய இன்டெக்ஸ். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. இன்டெக்ஸைத் திரும்பக் கட்டாதவரை தப்பான விடை வந்துகொண்டே இருக்கும்.

விதி மாறினால் என்ன ஆகும்?

ஒரே இடத்தில் விதி இருப்பதன் பலம் எதுவோ, பலவீனமும் அதுதான். அங்கே கை வைத்தால் எல்லா ரிப்போர்ட்டும் மாறும். பழைய ரிப்போர்ட் உட்பட.

ஜிஎஸ்டியை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் நெய்யின் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஒரு மளிகை நிறுவனத்தின் டேட்டாபேஸில் பொருளைக் கொடுத்தால் வரி விகிதத்தைத் தரும் ஃபங்ஷன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் போய் யாரோ 12-ஐ அழித்து 5 என்று எழுதினால், அன்றைய பில்லுக்கு அது சரி. ஆனால் ஆகஸ்ட் மாத விற்பனையை மறுபடி கணக்கிட்டால் அதற்கும் 5 சதவீதமே வரும். கட்டிய வரி ஒரு கணக்கு, ரிப்போர்ட் இன்னொரு கணக்கு. ஆடிட்டர் கேட்கும்போது பதில் சொல்லப்போவது அந்த ஃபங்ஷனைத் திருத்தியவர் அல்ல, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர்.

பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு வரி விகிதம் சொல்லும் ஃபங்ஷன், பிறக்கும்போதே குறையோடு பிறந்த ஃபங்ஷன். அதற்குப் பில் தேதியும் வேண்டும். விகிதங்களை ஃபங்ஷனுக்குள் எழுதாமல், 'எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு' என்று ஒரு டேபிளில் வைத்து அங்கிருந்து படிக்க வேண்டும். டேபிளைப் படிப்பதால் இதை 'இம்யூட்டபிள்' என்று சொல்ல முடியாது, 'ஸ்டேபிள்'தான். கணக்கிடும் முறையே மாறினால், பழையதைத் தொடாமல் புதுப் பெயரில் இன்னொரு ஃபங்ஷன் எழுதுவது நல்லது. 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் புதிய வருமான வரிச் சட்டம் 'வரி ஆண்டு' என்ற புதுச் சொல்லைக் கொண்டுவருகிறது. சட்டமே பழைய சொல்லின் அர்த்தத்தை மாற்றாமல் புதுச் சொல் போடும்போது, கோடும் அதைச் செய்யலாம்.

அனுமதி யார் கையில்?

இவ்வளவு வசதி இருந்தும் ஏன் எல்லாரும் லேப்டாப்பிலேயே கணக்கு எழுதுகிறார்கள்? பல நிறுவனங்களில் அனலிஸ்ட்டுகளுக்குப் படிக்கும் அனுமதி மட்டும்தான். ஒரு ஃபங்ஷன் வேண்டுமென்றால் டிக்கெட் போட வேண்டும், டேட்டாபேஸ் நிர்வாகி பார்க்க வேண்டும், அவருக்கு மேலே ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். அதற்குள் மீட்டிங்கே முடிந்துவிடும். 'இப்போதைக்கு நானே எழுதிக்கிறேன்' என்று தொடங்குவது அப்படித்தான். அந்த 'இப்போதைக்கு' மூன்று வருடம் ஓடும். எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகும் ஓடும்.

நிர்வாகிகளின் பயத்திலும் அர்த்தம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் பைதானில் எழுதும் ஃபங்ஷன், சர்வரின் ஃபைல்கள் வரை கை நீட்டக்கூடியது என்பதால், அதை உருவாக்க சூப்பர்யூசர் அனுமதியே வேண்டும். புதிதாக உருவாக்கும் ஃபங்ஷனை யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்பதுதான் போஸ்ட்கிரெஸ்ஸின் இயல்புநிலை. வேண்டாதவர்களுக்கு நாமாகத்தான் மூட வேண்டும்.

ஆனால் பயத்துக்கு விடை கதவை மொத்தமாகச் சாத்துவது அல்ல. அனலிஸ்ட்டுகளுக்கென ஒரு தனி ஸ்கீமா கொடுக்கலாம். அதில் சாதாரண எஸ்க்யூஎல் ஃபங்ஷன்கள் மட்டும், கிட் வழியாக, இன்னொருவர் பார்த்த பிறகு ஏறட்டும். 'ஆக்டிவ் கஸ்டமர்' என்றால் யார், 'திரும்ப வந்த ஆர்டர்' விற்பனையில் சேருமா என்பதெல்லாம் நிறுவனத்தின் முடிவுகள். அவை யாரோ ஒருவருடைய நோட்புக்கின் 47-வது வரியில் ஒளிந்திருக்கக் கூடாது. பெயரோடு, எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

எப்போது வேண்டாம்?

ஒரே ஒரு முறை பார்க்கும் கணக்குக்கு ஃபங்ஷன் தேவையில்லை. அடிக்கடி மாற்றிப் பார்க்கும் மெஷின் லேர்னிங் மாடலை டேட்டாபேஸுக்குள் திணிப்பதும் தலைவலி. நிதியாண்டுக்கேகூட இன்னொரு நல்ல வழி இருக்கிறது: ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரி வைத்து, பக்கத்தில் நிதியாண்டு, காலாண்டு, விடுமுறை நாளா என்று எழுதிவைக்கும் காலண்டர் டேபிள். சின்ன டீமுக்கு அதுவே போதும். அதிலும் பில் நேரத்தை இந்தியத் தேதியாக மாற்றும் வேலை ஒரே இடத்தில் நடந்தாக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஃபங்ஷனோ டேபிளோ, விதி ஒரே இடத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்த மீட்டிங் அறைக்குத் திரும்புவோம். மூன்று தொகைகளில் எது சரி என்று அன்று அரை நாள் வாதம் நடக்கும். கடைசியில் சீனியர் சொன்ன தொகையே சரி என்று முடிவாகும். இந்தக் கதையில் மூன்றுமே தப்பு. அந்த அரை நாளில், நான்கு வேலைகள் கொண்ட ஒரு ஃபங்ஷனையும் அதற்கு ஐந்து டெஸ்ட்டுகளையும் எழுதி முடித்திருக்கலாம். அடுத்த ஏப்ரலில் வாதமே இருந்திருக்காது.